ஆரணி டு குதுப்... பதினெட்டு குழி!

ஐ.வி.னா என்னனு உங்களுக்குச் சொல்லித் தரவே வேணாம். ஒரு ஃபேக்டரி வாசல்ல குரூப் போட்டோ, மீதி அஞ்சு நாளும் ஊர் சுத்தல்! டெல்லினு முடிவாயிட்டா லிஸ்ட்டும் ரெடி. செங்கோட்டை, இந்தியா கேட், குதுப்மினார், பாலிகா பஜார்ல பேரம்... சாயங்காலம் பஸ் ஏறினா ஆக்ரா. சீனியர் பேட்ச் போன அதே ரூட், அதே போஸ், அதே போட்டோ!

அந்த லிஸ்ட்ல 'குதுப்மினார்'னு எழுதியிருக்கீங்களே, அதுக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்க்கணும். மினார்லேருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள லாடோ சராய்னு ஒரு இடம். அங்க இருக்கு குதுப் கோல்ஃப் கோர்ஸ். டெல்லி வளர்ச்சி ஆணையம் 2000-ம் வருஷம் திறந்த பதினெட்டு குழி மைதானம். இந்தியாவோட முதல் பொது கோல்ஃப் மைதானம் இதுதான். மெம்பர்ஷிப் வேணாம், சிபாரிசு லெட்டர் வேணாம். கட்டணத்தைக் கட்டு, ஆடு... அவ்ளோதான்.

"கோல்ஃபா? ஆரணிக்கும் கோல்ஃபுக்கும் என்ன பாஸ் சம்பந்தம்?"

கரெக்டான கேள்வி. பதில் சொல்லிட்டே பிளானைப் போட்டுடுவோம், வாங்க!

நம்ம ஊரு நிலவரம்

ஆரணியில எல்லாம் இருக்கு. பட்டு இருக்கு, அதுக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. கோட்டை மைதானம் இருக்கு. கமண்டல நாகநதி இருக்கு (தண்ணி எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க). சரித்திரமும் இருக்கு. 1751-ல ராபர்ட் கிளைவ் இங்க வந்து சண்டை போட்டுட்டுப் போனாரு. 1782-ல ஐர் கூட் தலைமையில வந்த படை ஹைதர் அலி படையோட இங்கயே மோதுச்சு. ரெண்டு தடவையும் வெள்ளைக்காரங்க பீரங்கியைத்தான் தூக்கிட்டு வந்தாங்க, கோல்ஃப் மட்டையை இல்ல. அந்த மட்டையெல்லாம் பிற்பாடு ஊட்டி, கொடைக்கானல்னு குளிர்ற மலைக்கு ஏறிடுச்சு.

அதனால நம்ம ஊர்ல கோல்ஃப்னா சினிமாவுல வில்லன் ஆடுறது. கோட்டு போட்ட ஒருத்தர் பந்தை அடிச்சுக்கிட்டே, "அவனை முடிச்சிடு"ன்னு போன்ல சொல்லுவாரு. வீட்ல போய் கோல்ஃப் ஆடப் போறேன்னு சொல்லிப் பாருங்களேன். "இன்னாடா அது... கில்லி தாண்டா மாதிரியா?"னு அம்மா கேப்பாங்க. "அதெல்லாம் பணக்காரங்க ஆடுறதுப்பா, நமக்கு எதுக்கு?"ன்னு அப்பா தறியிலேருந்து தலையைத் தூக்காமலே சொல்லுவாரு.

அந்த 'நமக்கு எதுக்கு' இருக்கே, அதுதான் இங்க மேட்டர். கோல்ஃப் பந்தை எழுபது கிழவரும் அடிக்கிறாரு, ஏழு வயசுப் பொண்ணும் அடிக்குது. அடிக்கிறது கஷ்டமில்ல. அந்த கேட் நமக்காகத் திறக்கும்னு நம்புறதுதான் கஷ்டம். நம்ம பசங்க பாதிப் பேர் பெரிய கம்பெனி ரிசப்ஷன்ல நிக்கும்போதும் இதே கஷ்டம்தான் படுறோம். செருப்பைக் கழட்டணுமா, சோபாவுல உக்காரலாமானு ஒரு தயக்கம். இன்டர்வியூ கேள்வியைவிட அந்த வாசப்படி பெரிசாத் தெரியும்.

இன்னொண்ணு... குழி ஆரணிக்குப் புதுசா என்ன? குழித்தறியில காலை விட்டு உக்காந்து, நாள் முழுக்க மிதிக்கிற ஊரு இது. அந்தக் குழிக்கு நாம பழகிட்டோம். டெல்லியில இருக்கிற பதினெட்டு குழியையும் ஒரு கை பார்த்துடலாம்!

கோல்ஃப் பொறந்ததே பொது மைதானத்துல!

இது நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். கோல்ஃபோட தாய்வீடுன்னு உலகமே சொல்றது ஸ்காட்லாந்துல இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரை. ஒரு ரவுண்டுக்கு பதினெட்டு குழிங்கிற கணக்கு 1764-ல அங்கதான் ஆரம்பிச்சுது. அந்த மைதானம் யாரோ பிரபுவோட எஸ்டேட்னுதானே நினைக்கிறீங்க? இல்ல, ஊர்ப் பொதுச் சொத்து! இன்னிக்கும் அங்க இருக்கிற ஓல்டு கோர்ஸை ஞாயித்துக்கிழமை பொதுவா ஆட்டத்துக்கு மூடிடுவாங்க. அன்னிக்கு ஊர் ஜனம் நாயைக் கூட்டிக்கிட்டு, குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு அந்தப் புல்லு மேல காலாற நடக்கும். நம்ம கோட்டை மைதானத்துல சாயங்காலம் காத்து வாங்குற மாதிரியேதான்!

அப்புறம் இது எப்படி 'பெரிய வீட்டு' ஆட்டமாச்சு? ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கிட்டாலே புரியும். 1895. அந்த வருஷம் அமெரிக்காவுல நியூயார்க் வான் கார்ட்லண்ட் பூங்காவுல, அந்த நாட்டோட முதல் பொது கோல்ஃப் மைதானம் திறந்தாங்க. அதே 1895-ல நம்ம கொடைக்கானல்ல கோல்ஃப் கிளப் ஆரம்பிச்சாங்க. ஆட்டம் ஒண்ணுதான், வருஷமும் ஒண்ணுதான். அங்க ஊர்ப் பூங்கா, இங்க மெம்பர்களுக்கான கிளப். இந்தியாவுக்குக் கோல்ஃப் வந்தது அதுக்கும் ரொம்ப முன்னாடி. கல்கத்தாவுல 1829-லயே கிளப் வந்தாச்சு, பெங்களூருல 1876-ல. ஆனா யார் வேணும்னாலும் பணம் கட்டி ஆடலாம்னு ஒரு பொது மைதானம் வர 2000 ஆயிடுச்சு. கல்கத்தா கணக்கிலேருந்து பார்த்தா 171 வருஷம் மச்சி!

தமிழ்நாட்டுல? ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் வெளியாளுங்க கட்டணம் கட்டி ஆடுற வழக்கம் இருக்கு. ஆனா ரெண்டும் கிளப்புங்கதான். சென்னை நந்தனத்துல இருக்கிறதும் கிளப் கணக்குலதான் வரும். கிண்டியில குதிரைப் பந்தயப் பாதைக்கு நடுவுலயே கோல்ஃப் ஆடிக்கிட்டிருந்தாங்க. அந்த 160 ஏக்கர் ரேஸ் கிளப் குத்தகையைத் தமிழ்நாடு அரசு 2024 செப்டம்பர்ல ரத்து பண்ணி, இடத்துக்கு சீல் வெச்சுது. விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. அங்க குளமும் பசுமைப் பூங்காவும் வரும்னு அரசு அறிவிச்சுது. கோல்ஃப் பிடிக்கும், பிடிக்காது, அது வேற விஷயம். நகரத்து நடுவுல இருக்கிற அவ்வளவு பெரிய புல்வெளியில யார் காலெல்லாம் படலாம்? அந்தக் கேள்விதான் கிண்டியிலயும் கேட்டாங்க, 1895-ல நியூயார்க்லயும் கேட்டாங்க. இப்ப நாமும் கேப்போம்.

சரி, கதை போதும். பிளானுக்கு வருவோம்.

எப்ப போகலாம்?

டெல்லியில மே, ஜூன்ல வெயில் 45 டிகிரியைத் தொடும். நம்ம ஊர் கத்திரி வெயிலே தேவலைனு தோணும். டிசம்பர் கடைசி, ஜனவரியில காலை நேரத்துல பனிமூட்டம். அடிச்ச பந்து எங்க போச்சுன்னு தெரியாது, ரயிலும் எப்ப வரும்னு தெரியாது. தீபாவளிய ஒட்டி காத்து மாசு. அதனால பெஸ்ட் டைம் பிப்ரவரியும் மார்ச்சும். விட்டா அக்டோபர் ஆரம்பம். உங்க ஐ.வி. தேதியை டிபார்ட்மென்ட்ல இன்னும் முடிவு பண்ணலைன்னா, ஹெச்.ஓ.டி. மூடு பார்த்து பிப்ரவரினு மெதுவா காதுல போடுங்க.

எப்படிப் போகலாம்?

களம்பூர் பக்கத்துல ஆரணி ரோடுன்னு ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. பேர்ல ஊர் இருக்கும், ஊர் மட்டும் சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்க இருந்து டெல்லிக்கு நேர் வண்டி கிடையாது. வேலூர் பஸ் பிடிச்சு காட்பாடிக்குப் போயிடுங்க. திருவனந்தபுரத்துலேருந்து வர்ற கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடி, திருப்பதி, விஜயவாடா, நாக்பூர், போபால், ஆக்ரா வழியா புதுடெல்லி போகும். ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம் குறைச்சலோ கூடவோ ஆகும். புளிசாதம் ஒரு நாள் தாங்கும், ரெண்டாம் நாளுக்கு இட்லிப் பொடியும் எண்ணெயும்தான் துணை.

டெல்லிக்குள்ள மெட்ரோ இருக்கு, கவலையே வேணாம். மஞ்சள் பாதையில சாகேத், குதுப்மினார்னு ரெண்டு ஸ்டேஷனும் மைதானத்துக்குப் பக்கம். இறங்கினதும் ஆட்டோக்காரர்கிட்ட 'லாடோ சராய்'னு சொன்னாப் போதும்.

போன்ல கேக்க வேண்டிய ஏழு கேள்வி

இதுதான் பிளான்ல முக்கியமான பார்ட். 'பொது'ன்னா ஓசின்னு அர்த்தமில்ல, ரூல்ஸ் இல்லைன்னும் அர்த்தமில்ல. நேராப் போய் நின்னா ஏமாந்துடுவீங்க. கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போன் போட்டு இதையெல்லாம் கேட்டு நோட்டுல எழுதிக்குங்க.

ஒண்ணு: மாணவங்களுக்கு, வெளியூர்க்காரங்களுக்கு கிரீன் ஃபீ எவ்வளவு? கிரீன் ஃபீன்னா மைதானத்துல ஆடுறதுக்கான கட்டணம். வார நாளுக்கும் சனி, ஞாயிறுக்கும் வித்தியாசம் இருக்கும். அதனால வார நாளையே பிடிங்க.

ரெண்டு: எந்தக் கிழமை விடுமுறை? அன்னிக்கு ஏதாவது போட்டி நடக்குதா?

மூணு: டீ டைம் எப்படி புக் பண்றது? பயப்படாதீங்க, இது டீக்கடை சமாச்சாரம் இல்ல. முதல் பந்தை நீங்க அடிக்க வேண்டிய நேரத்துக்குப் பேர்தான் டீ டைம். எட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு குரூப்னு விடுவாங்க. லேட்டா போனா, நம்ம டவுன் பஸ் மாதிரி அடுத்தது வரும்னு நிக்க முடியாது.

நாலு: ஹாண்டிகேப் சான்றிதழ் வேணுமா, புதுசா வர்றவங்களுக்கு ஏதாவது டெஸ்ட் உண்டா? ஹாண்டிகேப்னா உங்க ஆட்டத் திறமைக்கு ஒரு நம்பர். 2020-ல வந்த உலக ஹாண்டிகேப் முறையில அதிகபட்சம் 54. நம்பர் பெருசா இருந்தா நீங்க கத்துக்குட்டி, சின்னதா இருந்தா கில்லாடி. சி.ஜி.பி.ஏ.வுக்கு அப்படியே உல்டா!

அஞ்சு: மட்டை வாடகைக்குக் கிடைக்குமா? ஒரு ஆள் பையில 14 மட்டை வரைக்கும் வெச்சுக்கலாம்னு ரூல். புதுசா ஆடுறவங்களுக்கு அஞ்சாறு போதும்.

ஆறு: கேடி கட்டாயமா, அவங்களுக்குத் தனியா எவ்வளவு தரணும்?

ஏழு: டிரஸ் கோட் என்ன? காலர் வெச்ச டி-ஷர்ட், ஜீன்ஸ் இல்லாத பேன்ட், ஷூ... பெரும்பாலான மைதானத்துல இது கட்டாயம். உங்க பிளேஸ்மென்ட் டிரஸ்ஸை அங்கயே ஒரு டிரையல் பார்த்துடலாம்!

ஏழு பதிலும் கைக்கு வந்ததும் கூட்டிப் பாருங்க. கிரீன் ஃபீ, மட்டை வாடகை, பந்து, கேடி, ஆட்டோ. கூட்டுத்தொகை பர்ஸைக் கடிச்சா பதினெட்டு குழியை விடுங்க. டிரைவிங் ரேஞ்சுக்குப் போகலாம். அது ஒரே இடத்துல நின்னு, ஒரு கூடை பந்தை வாங்கி, எதிர்ல இருக்கிற வெட்டவெளியில அடிச்சுப் பழகுற இடம். டெல்லி வளர்ச்சி ஆணையத்தோட சிரி ஃபோர்ட் விளையாட்டு வளாகத்துலயும் ரேஞ்ச் இருக்கு. நாலு பேர் பணம் போட்டு, மாத்தி மாத்தி அடிக்கலாம். கேட்டைத் தாண்டிப் போறதுதானே முக்கியம்? அது ஒரு மணி நேரத்துலயும் நடந்துடும்.

ஆரணியிலயே ரிகர்சல்!

மட்டையையே தொடாம டெல்லிக்குப் போய் நேரா முதல் குழி முன்னாடி நிக்காதீங்க. பின்னாடி நிக்கிற குரூப் கடுப்பாயிடும். ஒரு மாசம் முன்னாடியே இங்க ஆரம்பிக்கலாம்.

கோட்டை மைதானத்துல காலையில ஆறு மணிக்குப் போனா ஓரமா இடம் கிடைக்கும். ஒரே ஒரு கண்டிஷன்: நிஜ கோல்ஃப் பந்தைத் தொடவே கூடாது! 46 கிராம்கூட இல்லாத குட்டிப் பந்துதான், ஆனா மட்டையிலேருந்து கிளம்புற வேகத்துல யார் மண்டையில பட்டாலும் கதை முடிஞ்சுது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து விளையாட்டுச் சாமான் கடையில கிடைக்கும், நிஜப் பந்து மாதிரி ரொம்ப தூரம் போகாது. அது கிடைக்கலைன்னா பந்தே வேணாம், ஒரு கம்பை வெச்சு சுத்துறதை மட்டும் பழகுங்க. யூட்யூப்ல வாத்தியாருக்குப் பஞ்சமே இல்ல. கை இறுக்கமாப் பிடிக்கக் கூடாது, தலை அசையக் கூடாது, பந்தையே பார்க்கணும். மூணு விஷயம், அவ்வளவுதான். நாடா கயித்தை இழுக்கிற கை பார்த்திருக்கீங்களா? முரட்டுத்தனமா இழுத்தா இழை அறுந்துடும். அந்த அளவான பலம்தான் இங்கயும் வேலை செய்யும்.

அடுத்து, நம்ம சிலபஸ். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எதுக்குப் படிக்கிறோம்னு புலம்பினவங்க கோல்ஃப் பந்தைக் கையில எடுத்துப் பாருங்க. மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி முந்நூறு, நானூறு பள்ளம். அந்தப் பள்ளங்க பந்தை ஒட்டி ஓடுற காத்தைக் கலைச்சு, இன்னும் கொஞ்ச தூரம் பந்தோட ஒட்டியே ஓட வைக்குது. பின்னாடி இழுக்கிற வெற்றிடம் சின்னதாகுது, இழுவை குறையுது. வழவழன்னு ஒரு பந்தை அதே பலத்துல அடிச்சா சுமார் பாதி தூரம்தான் போகும். பந்து பின்பக்கமா சுத்திக்கிட்டே போறதால மேல தூக்கும் விசையும் கிடைக்குது. மேக்னஸ் எஃபெக்ட், ரெண்டு மார்க் கேள்வி! மட்டையோட முகம் எவ்வளவு சாய்ஞ்சிருக்கோ அவ்வளவு உயரமா பந்து எழும்பும். தூரமா அடிக்கிற டிரைவர்ல சாய்வு பத்து டிகிரி சுமாருக்கு. மணல் பள்ளத்துலேருந்து தோண்டி எடுக்கிற வெட்ஜ்ல 56 டிகிரி. லேப் இல்லாமலே பிராக்டிகல்!

ரூல்ஸ்ல நாலே நாலு தெரிஞ்சிருந்தா போதும். பந்து எங்க கிடக்கோ அங்கிருந்தே அடிக்கணும், வாகான இடத்துக்கு நகர்த்தக் கூடாது. ஒருத்தர் அடிக்கும்போது மத்தவங்க பேசக் கூடாது, அசையக் கூடாது (ஆரணி பசங்களுக்கு இதான் கஷ்டம்). பந்து காணோம்னா மூணு நிமிஷம்தான் தேடலாம். 2019-க்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இருந்துது, ஆட்டம் இழுத்துக்கிட்டே போகுதுன்னு குறைச்சுட்டாங்க. கடைசியா, முன்னாடி ஆள் இருந்தா அடிக்கவே கூடாது. தப்பிப் போச்சுன்னா 'ஃபோர்'னு தொண்டை கிழியக் கத்தணும்.

அந்த நாள் எப்படி இருக்கும்?

நாலு பேரா போங்க, அதான் கணக்கு. டீ டைமுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே இருந்துடுங்க. காலேஜ் ஐ.டி., ஆதார் ரெண்டையும் பர்ஸ்ல வெச்சுக்குங்க. முதல்ல ரேஞ்சுல ஒரு கூடை பந்து. அப்புறம் பட்டிங் பழகுற புல்லு மேல பத்து நிமிஷம். பட்டிங்னா குழிக்குப் பக்கத்துல வந்ததும் பந்தை மெதுவா உருட்டி உள்ள தள்ளுறது. நம்ம கோலிகுண்டு அனுபவத்துக்கு இங்கதான் மரியாதை! குழியோட விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பார்க்க ஈஸியா இருக்கும். நாலு தடவை தள்ளினப்புறம்தான் உண்மை தெரியும்.

ஒவ்வொரு குழிக்கும் 'பார்'னு ஒரு கணக்கு உண்டு. தேறினவங்க இத்தனை அடியில முடிச்சுடுவாங்கன்னு அர்த்தம். மூணு, நாலு, அஞ்சுனு இருக்கும். பதினெட்டையும் கூட்டினா குதுப்ல 72. நீங்க 140 அடிச்சாலும் யாரும் அரியர் போட மாட்டாங்க. ஆனா ஒரு குழியில பாரைப் போல ரெண்டு மடங்கு ஆயிட்டா பந்தைக் கையில எடுத்துக்கிட்டு அடுத்த குழிக்கு நடையைக் கட்டுங்க. பின்னாடி வர்றவங்களுக்குச் செய்யிற மரியாதை அது.

இன்னும் சுலபமா ஒரு வழி இருக்கு, பேரு ஸ்க்ராம்பிள். நாலு பேரும் அடிக்கணும். எது நல்லா விழுந்துதோ அந்த இடத்துக்கு நாலு பேரும் போய் அங்கிருந்து அடுத்த அடி. ஒருத்தன் சொதப்பினாலும் டீம் தப்பிச்சுடும். குரூப் ஸ்டடி மாதிரிதான். நாலு பேர்ல ஒருத்தன் படிச்சிருந்தா போதும்!

பதினெட்டு குழியும் முடிக்க நாலு, நாலரை மணி நேரம் ஆகும். நேர்க்கோட்டுல ஆறு கிலோமீட்டர் சுமாருக்குன்னாலும், பந்து போற திசைக்கெல்லாம் நாம போறதால எட்டுலேருந்து பத்து கிலோமீட்டர் நடை. ஆரணியிலேருந்து ஆரணி ரோடு ஸ்டேஷனுக்கு நடந்தே போறதுன்னு வெச்சுக்குங்களேன். தண்ணி பாட்டில், தொப்பி, வேர்க்கடலை மிட்டாய்... மூணையும் மறந்துடாதீங்க. டைம் இல்லைன்னா ஒன்பது குழி ஆட முடியுமானு போன்லயே கேட்டுடுங்க.

ஆட்டத்துக்கு நடுவுல ஒரு தடவை நின்னு தலையைத் தூக்கிப் பாருங்க. மரங்களுக்கு மேல குதுப்மினார் தெரியும். எண்ணூறு வருஷப் பழசு, 72 மீட்டருக்கு மேல உயரம். டிக்கெட் எடுத்து, கூட்டத்துல இடிபட்டு கீழே நின்னு அண்ணாந்து பார்க்கிற மினார் வேற. கையில மட்டையோட, புல்லு மேல நடந்துக்கிட்டே பார்க்கிற மினார் வேற!

கேடி அண்ணன் சொன்னா கேளுங்க

உங்க மட்டைப் பையைத் தூக்கிட்டுக் கூடவே வர்றவர்தான் கேடி. பை தூக்குறவர்தானேன்னு நினைச்சுடாதீங்க. எந்தப் பக்கம் சரிவு, எந்த மட்டையை எடுக்கணும், காத்து எப்படி அடிக்குதுன்னு அவருக்குத்தான் தெரியும். அந்த வேலையிலேருந்து எவ்வளவு தூரம் போனாங்கன்னு கேளுங்க.

அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்ல கேடியா இருந்தவர். 1991-ல இந்தியன் ஓபன் பட்டத்தை ஜெயிச்சாரு. அந்தப் போட்டியை ஜெயிச்ச முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். தற்செயலா ஜெயிச்சுட்டாருனு யாரும் சொல்லிடக் கூடாதுன்னோ என்னவோ, 1993-ல மறுபடியும் ஜெயிச்சாரு! 2009-ல அதே பட்டம் பெங்களூரு முனியப்பாவுக்கு. அவரும் கேடியா ஆரம்பிச்சவர்தான். மெம்பர்னு கேட்டுக்குள்ள போக முடியாதவங்க, வேலைக்காரங்களா உள்ள போய், பிறகு ஜெயிச்சுட்டு வெளியே வந்தாங்க.

அதிதி அசோக் கதை இன்னும் சுவாரஸ்யம். பெங்களூருல அவங்க குடும்பம் சாப்பிடப் போற ஓட்டலுக்கு எதிர்ல ஒரு டிரைவிங் ரேஞ்ச். அங்க என்ன நடக்குதுன்னு சின்னப் பொண்ணுக்கு ஆர்வம், உள்ள போய்ப் பார்த்தாங்க, பிடிச்சுப் போச்சு. அந்தப் பொண்ணுதான் 2021 ஆகஸ்ட் 7-ம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்ல நாலாவது இடம் வந்துது. அன்னிக்குக் காலையில, 'போகி'க்கும் போகிப் பண்டிகைக்கும் வித்தியாசம் தெரியாத நாமெல்லாம் டி.வி. முன்னாடி நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். யோசிச்சுப் பாருங்க, எதிர்ல இருந்தது எட்டடி காம்பவுண்டு சுவரா இருந்திருந்தா?

அப்ப ஆரணிக்கும் ஒண்ணு கேக்கலாமா?

அவசரப்படாதீங்க. பதினெட்டு குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல இடம் வேணும். அந்தப் புல்லு பச்சையா இருக்க தினமும் தண்ணி வேணும். நம்ம ஆறு வருஷத்துல பாதி நாள் மணலாத்தான் கிடக்கு. சுத்துப்பட்டுல நெல்லு விளையிற பூமி. அதனால கோல்ஃப் மைதானம் கேட்டு மனு கொடுக்கிற ஐடியாவை இப்பவே கைவிட்டுடலாம்.

கேக்க வேண்டியது வேற. இருக்கிற கோட்டை மைதானம் மாதிரி இடங்க சுருங்காம, பூட்டாம, எல்லாருக்கும் திறந்தே இருக்கணும். சாயங்காலம் கிரிக்கெட், காலையில வாக்கிங், ஓரத்துல ஒருத்தன் பிளாஸ்டிக் பந்தை வெச்சு கோல்ஃப் சுத்துறான்னா அவனுக்கும் ஒரு மூலை. ஒரு ஊர் அதோட பசங்களுக்குத் தர வேண்டியது முதல்ல அந்த மூலையைத்தான். செயின்ட் ஆண்ட்ரூஸ்காரங்க அந்த ஒண்ணைக் காப்பாத்தி வெச்சதாலதான் உலகத்துக்கே ஒரு விளையாட்டு கிடைச்சுது.

இப்ப செய்ய வேண்டியது சிம்பிள். நாலு பேரைச் சேருங்க. பையனோ பொண்ணோ பிரச்னையில்ல, ஒருத்தராவது காலையில எழுந்திருக்கிற ஆளா இருக்கட்டும். ஐ.வி. அட்டவணையில டெல்லி நாளைத் தேடிப் பிடிச்சு, கூட வர்ற சார்கிட்டயோ மேடம்கிட்டயோ அரை நாள் பர்மிஷன் கேளுங்க. "கோல்ஃபா?"னு சிரிப்பாங்க. "ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பிராக்டிகல் சார்"னு சொல்லிப் பாருங்க. அப்புறம் போனை எடுத்து அந்த ஏழு கேள்வியையும் கேட்டுடுங்க. ஹிந்தி வரலைன்னா இங்கிலீஷ்லயே கேக்கலாம், நம்ம வைவா இங்கிலீஷ் தாராளமாப் போதும்.

ஆட்டம் முடிஞ்சதும் ஸ்கோர் கார்டு கொடுத்தா தூக்கிப் போட்டுடாதீங்க. நாலு பேரும் கையெழுத்துப் போட்டு ஊருக்கு எடுத்துட்டு வாங்க. அப்பாகிட்ட காட்டினா, "இதுல யாரு ஜெயிச்சது?"ன்னுதான் முதல்ல கேப்பாரு. "நமக்கு எதுக்கு"ன்னு கேக்க மாட்டாரு பாருங்க!